தாயக்கட்டையும் ரப்பர் பாலும்: பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டாவது அலகு, புள்ளியியலும் நிகழ்தகவும். கடைசிப் பாடம். கடைசியில் இருப்பதாலேயே அதற்கு நேர்கிற கதி கணக்கு வாத்தியார்கள் எல்லாருக்கும் தெரியும். திருப்புதல் தேர்வு நெருங்கும் நேரத்தில் ஓட்டமாக ஓடி, "ரெண்டு பகடை உருட்டினால் கூறுவெளி 36, சீட்டுக்கட்டு என்றால் 52, எழுதிக்கோ" என்று முடித்துவிடுவோம். பிள்ளைகளும் சாதகமான விளைவுகளை மேலே போட்டு, கூறுவெளியை, அதாவது மொத்த விளைவுகளை, கீழே போட்டு, மார்க்கை வாங்கிவிடுவார்கள். மார்க் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தன் என்ன செய்யப்போகிறான் என்ற கேள்வி வகுப்பில் எழவே எழாது. எனக்கு அதுதான் உறுத்தல்.

நான் பாடம் எடுப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில். வகுப்பில் பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள், மீதிப் பேர் உள்ளே ரப்பர் வைத்திருக்கிற, இல்லையென்றால் அடுத்தவர் ரப்பரில் பால் வெட்டப் போகிற வீட்டுப் பிள்ளைகள். இவர்களிடம் போய், நன்கு கலைத்து அடுக்கிய 52 சீட்டுகளில் ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது என்று ஆரம்பித்தால், சீட்டைத் தொட்டால் வீட்டில் அடி விழும் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ஸ்பேடு எது கிளாவர் எது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவன் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டான். ஆக, கணக்கு தொடங்கும் முன்பே சீட்டுக்கட்டைப் பற்றி ஒரு பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.

தாயக்கட்டை அப்படி இல்லை. பாட்டி இருக்கிற எந்த வீட்டிலும் ஒரு ஜோடி பித்தளைக் கட்டை இருக்கும். நீளமான கட்டை, நாலு பக்கம், ஒரு பக்கம் வெறுமை, மற்றதில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைக்கும் சேர்த்து நாலு நாலு பதினாறு விளைவுகள், கரும்பலகையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். பகடையின் 36-ஐ எழுதுவதற்குள் பின்பெஞ்சு தூங்கிவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை.

எழுதும் முன்பே கேட்டுவிட வேண்டும்: எது அதிகமாக விழும்? ஒவ்வொருத்தரும் ஒன்று சொல்வார்கள், சண்டையும் வரும், வரட்டும். அப்புறம் எண்ணச் சொன்னால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். வெறுமையும் வெறுமையும் விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு ஒரே ஒரு வழி. மூணும் மூணும் ஆறு, அதற்கும் ஒரே வழி. தாயம் என்றால் ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் வெறுமை, ஆக இரண்டு வழி. ஐந்துக்கும் இரண்டு. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று. மூணுக்கு மட்டும் நாலு வழி. கூட்டிப் பார்த்தால் பதினாறு சரியாக வரும். பன்னிரண்டு போட்டால் ஆட்டத்தில் ஏன் அத்தனை மரியாதை என்பது அப்போது புரிகிறது, பதினாறில் ஒன்றுதானே.

தாயம் விழுவதற்கு எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு என்று போட்டு முடித்ததும் நான் கேட்கிற கேள்வி இது: "அப்போ எட்டுத் தடவை உருட்டினா தாயம் கண்டிப்பா விழுமா?" ஆமாம் என்றுதான் கிட்டத்தட்ட எல்லாருமே சொல்வார்கள். சரி, விழாமல் போக என்ன வாய்ப்பு என்று போடச் சொல்வேன். ஒரு தடவை விழாமல் இருக்க எட்டில் ஏழு. எட்டுத் தடவையும் விழாமல் இருக்க அந்த எட்டில் ஏழை எட்டு முறை பெருக்க வேண்டும். போன் கால்குலேட்டரில் 0.34 சொச்சம் வரும். அதாவது நூறு பேர் எட்டெட்டுத் தடவை உருட்டினால், முப்பத்துச் சொச்சம் பேர் தாயம் போடாமலே, காய் இறங்காமலே உட்கார்ந்திருப்பார்கள். "அதான் எனக்க தங்கச்சி எப்பளும் அழுவா" என்றான் ஒருத்தன்.

கட்டை கிடைக்காதவர்கள் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கிக்கொள்ளலாம். நாலு கொட்டையைக் குலுக்கிப் போட்டு எத்தனை வெள்ளை விழுகிறது என்று எண்ண வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கொட்டை நாணயம் மாதிரி சமமாக இருக்காது, உரசின பக்கம் கூடுதலாகவோ குறைவாகவோ விழும். எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது, உட்கார்ந்து போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் படித்த பட்டறி நிகழ்தகவு என்பது இதுதான் என்று அப்போது சொன்னால் ஏறும்.

தாயத்திலிருந்து லாட்டரிக்குப் போவது இங்கே ரொம்பச் சுலபம். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா, அங்கே அரசாங்கமே 1967-இல் துறை தொடங்கி நடத்துகிற லாட்டரி. கடைக்காரர் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பதைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். ஆறு இலக்க எண், ஒன்று முதலே தொடங்காமல் 100000-இல் தொடங்கி 999999 வரை என்று எடுத்தால் ஒரு தொடரில் 9 லட்சம் சீட்டு. பன்னிரண்டு தொடர் என்று வைத்தால் ஒரு கோடியே எட்டு லட்சம். முதல் பரிசு அதில் ஒன்றுக்கு. இந்த எண்ணின் அளவு பிள்ளைகள் மனதில் நிற்பதில்லை, அதனால் நான் இதில் அதிக நேரம் செலவழிப்பதில்லை.

அதைவிட மோசமானதும், கணக்குக்கு வசதியானதும் எது என்றால், இந்தப் பக்கம் திருட்டுத்தனமாக ஓடுகிற மூணு நம்பர். குலுக்கலில் வருகிற எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைச் சொல்லிப் பணம் கட்டுவது. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள், வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. பத்து ரூபாய் கட்டினால் விழுந்தால் 5,000 தருவான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் கட்டினால் வசூல் 10,000, கொடுப்பது சராசரியாக 5,000. மீதி யாருக்கு என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள். "ஆனா சாரே, தினமும் கட்டிட்டே வந்தா ஒருநாள் விழும்லா?" என்று ஒருத்தன் விடவில்லை. ஆயிரம் நாள் விடாமல் கட்டினாலும் ஒருமுறைகூட விழாமல் போகிறவர்கள் நூறில் 37 பேர் இருப்பார்கள். தாயத்துக்குப் போட்ட அதே கணக்குத்தான், எட்டு இருந்த இடத்தில் ஆயிரம்.

இதோடு சேர்ந்து வருவது, இந்த நம்பர் வந்து நாளாச்சு, இனி வரவேண்டியதுதான் என்கிற நம்பிக்கை. பழைய முடிவுகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிற ஆட்களை டீக்கடையில் பார்க்கலாம். பிஎச்டி வாங்குகிற அளவுக்கு உழைப்பு. குலுக்குகிற இயந்திரத்துக்கு நேற்று என்ன வந்தது என்று ஞாபகம் இருக்காது, தாயக்கட்டைக்கும் இருக்காது. பிள்ளைகள் இதை ஒத்துக்கொள்வார்கள், மறுபடி உருட்டும்போது "ரொம்ப நேரமா விழல, இப்ப விழும் பாரு" என்பார்கள். அது அவ்வளவு சீக்கிரம் போகிற புத்தி இல்லை.

இதுவரைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது மட்டும்தான் பேச்சு. உண்மையில் இந்தக் கணக்கு பிறந்ததே ஒரு முடிவு எடுக்க வேண்டிய சிக்கலில்தான். 1654-இல் பிரெஞ்சுக் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டது, பந்தயம் கட்டிய ஆட்டம் பாதியில் நின்றுபோனால் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று. முதலில் மூணு ஆட்டம் ஜெயிப்பவருக்கு 64 காசு. ஒருத்தர் ரெண்டு ஜெயித்திருக்கிறார், மற்றவர் ஒன்று. இப்போது நிறுத்தினால்? கிளப்பில் கேரம் ஆடும்போது கரண்ட் போய்விட்டது என்று மாற்றி வகுப்பில் கேட்டேன். ரெண்டுக்கு ஒன்று என்று பிரிக்கணும் என்றார்கள் சிலர், ஆட்டமே செல்லாது என்றார்கள் தோற்றுக்கொண்டிருக்கிற கட்சிக்காரர்கள். பாஸ்கல் பார்த்தது, இனிமேல் என்ன நடக்கலாம் என்பதை. பின்தங்கியவர் ஜெயிக்க வேண்டுமென்றால் அடுத்த இரண்டையும் அவரே ஜெயிக்க வேண்டும், அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. ஆக 48-ம் 16-ம்.

அப்புறம் நோட்டில் நடுவில் ஒரு கோடு போடச் சொல்வேன். இடது பக்கம் வாய்ப்பு எவ்வளவு. வலது பக்கம், நடந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும். இந்த இரண்டையும் குழப்பாமல் தனித்தனியாக எழுதப் பழகுவதுதான் முழுப் பாடமும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். பெரியவர்களே இதைக் குழப்புகிறார்கள். பயமான விஷயம் என்றால் நடக்கவும் வாய்ப்பு அதிகம் என்று நினைத்துக்கொள்வது, அபூர்வமாக நடப்பது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது.

ரப்பர் வெட்டு இதற்குப் பொருத்தமான கணக்கு. விடியும் முன்னே எழுந்து போய் மரம் மரமாகப் பட்டையை வெட்டிவிட்டு வந்தால், பால் சிரட்டையில் சொட்டி நிறைய நேரமாகும், ஒன்பது பத்து மணிவாக்கில் போய் எடுத்து வருவார்கள். இடையில் மழை பெய்தால் சிரட்டையில் தண்ணீர் விழுந்து பால் கரைந்து போகும். பட்டை நனைந்தால் பால் வெட்டு வழியே இறங்காமல் மரத்தில் கண்டபடி வழியும், மிஞ்சுவது மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால். வெட்டுக் கூலி மட்டும் கொடுத்தாக வேண்டும். மழை படாமல் பிளாஸ்டிக் கட்டின மரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, எல்லாத் தோட்டத்திலும் கட்டியிருக்காது.

ஒரு சின்னத் தோட்டத்தில் மழை இல்லாவிட்டால் அன்றைக்கு 600 ரூபாய் மிச்சம், மழை அடித்தால் 400 ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். மழைக்கு 40 சதவீத வாய்ப்பு என்றால்: 600-இல் 60 சதவீதம் 360, 400-இல் 40 சதவீதம் 160. கழித்தால் 200 மிச்சம், வெட்டலாம். 70 சதவீதம் என்றால் 180-லிருந்து 280 போய் 100 ரூபாய் கைநஷ்டம், படுத்துத் தூங்கலாம். எந்த இடத்தில் இரண்டும் சமமாகும் என்று ஒரு பெண் தானாகவே கேட்டு, தானாகவே போட்டு, 60 என்று சொன்னாள். ஒருபடிச் சமன்பாடுதான், ஆனால் நான் கேட்காமல் போட்டாள்.

ஆனால் வகுப்பிலேயே நல்ல கேள்வி வேறொருத்தனிடமிருந்து வந்தது. அவன் அப்பா பால் வெட்டுகிறவர். "சாரே, துலா மாசத்து மழை உச்சைக்கு மேலதான் இடிச்சுட்டு வரும். காலைல பாலு எடுத்திருவாவ. அப்ப நாள் முழுக்க உள்ள மழைக்கு எதுக்கு கணக்கு போடணும்?" எதுக்கும் போட வேண்டாம்தான். நமக்கு வேண்டியது பத்து மணிக்குள் மழை பெய்யுமா என்பது. எந்த நிகழ்ச்சியின் வாய்ப்பைக் கேட்கிறோம் என்று சரியாக வரையறுக்காமல் சதவீதத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தால் விடை துல்லியமாக வரும், உபயோகம் இருக்காது. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது, ஆனி ஆடிச் சாரல் காலையும் பெய்யும் ராத்திரியும் பெய்யும், துலா மாசம் என்று அவன் சொன்ன ஐப்பசியின் மழை வேறு மாதிரி. அந்தப் பையனுக்கு அது அப்பா போவதையும் வருவதையும் பார்த்தே தெரிந்திருக்கிறது.

மழை அறிக்கையையும் இதோடு சேர்த்து எடுத்தேன். "கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிதமான மழை" என்று ரேடியோவில் சொன்னால், மழைக்கு வாய்ப்பு கம்மி என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வானிலைத் துறை கணக்கில் ஓரிரு இடங்கள் என்பது பரப்பு, அந்தப் பகுதியில் மழை அளக்கிற நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை என்று பொருள். பேச்சிப்பாறையில் கொட்டி, இங்கே வெயில் அடித்தாலும் அறிக்கை சரிதான். போனில் 60 சதவீதம் என்று காட்டுவது வேறு: இதே மாதிரிப் பத்து நாள் வந்தால் ஆறு நாள் நனைவோம், நாலு நாள் நனைய மாட்டோம். குடையைத் தூக்கிக்கொண்டு போன நாலு நாளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, "இவனுவ சொன்னா வராது" என்று திட்டுகிறோம். நாலு நாளும் வராமல் இருந்தால்தான் அந்த 60 சரி. அதனால் கரும்பலகை ஓரத்தில் தினமும் காலையில் போன் காட்டுகிற சதவீதத்தையும், சாயங்காலம் பெய்ததா இல்லையா என்பதையும் எழுதத் தொடங்கினோம். 30 போட்ட நாட்களைத் தனியாக, 60 போட்ட நாட்களைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தால்தான் அதை நம்பலாமா என்று சொல்ல முடியும், ஒருநாளை வைத்துச் சொல்ல முடியாது.

கடலுக்கு வரும்போது இந்தப் பெருக்கல் கணக்கு நின்றுவிடுகிறது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்கை வருகிறது. இடது பக்கம் பத்து சதவீதம்தான் என்றே வைத்துக்கொள்வோம். வலது பக்கம் என்ன எழுதுவது? போகாவிட்டால் அன்றைய மீன்பாடு போச்சு, அதை ரூபாயில் எழுதலாம். போய்த் திரும்பாவிட்டால் அதற்கு ரூபாய் இல்லை. ரப்பர்காரர் இன்று 400 விட்டால் நாளைக்குப் பிடித்துவிடுவார், சராசரி என்பது மறுபடி மறுபடி ஆட முடிகிறவனுக்குத்தான் பொருந்தும். இதில் மட்டும், இவ்வளவுக்கு மேல் வாய்ப்பு இருந்தால் போக மாட்டேன் என்று கரையில் நிற்கும்போதே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சின்ன வாய்ப்பு என்று விடுவதும் லேசான விஷயம் இல்லை. ஒரு தடவை போனால் ஆபத்துக்கு நூறில் ஒன்றுதான், ஆனால் வருஷத்துக்கு 200 தடவை போனால்? 0.99-ஐ 200 முறை பெருக்கினால் 0.13 வரும். ஒருமுறையாவது மாட்டிக்கொள்ள 87 சதவீத வாய்ப்பு. இதைப் போட்டுக் காட்டியபோது வகுப்பு கொஞ்சம் அடங்கியது. ஹெல்மெட் இல்லாமல் மார்த்தாண்டம் போய்வருகிற மாமாக்களுக்கும் இதே கணக்கு என்று சொன்னதும் மறுபடி சத்தம் வந்துவிட்டது.

ஒக்கிப் புயலை நான் கணக்காகப் போடுவதில்லை. அதில் ஆட்களை இழந்த வீட்டுப் பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களே எடுத்தார்கள். "எச்சரிக்கை சொன்னப்ப எங்க ஆளுவ கடல்லலா கெடந்தாவ" என்றாள் கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. 2017 நவம்பர் 30 அன்று அது புயலானபோது, தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல, நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. அங்கே போன் எடுக்காது. கிளம்பின அன்று அவர்கள் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது எப்போதும் போல ஒரு தொழில் நாள், முடிவில் தப்பு ஒன்றுமில்லை. தகவல் போய்ச் சேராத இடத்தில் எந்தக் கணக்கும் உதவாது, சேர்ப்பது யார் பொறுப்பு என்பது கணக்குப் புத்தகத்துக்கு வெளியே உள்ள கேள்வி, நியாயமான கேள்வி. அன்றைக்கு அதற்கு மேல் பாடம் எடுக்கவில்லை.

அடுத்த வகுப்பில் இதைத்தான் தொடர்ந்தோம், முடிவையும் விளைவையும் பிரித்துப் பார்ப்பது. எச்சரிக்கையை மீறிப் போய் வள்ளம் நிறையச் சாளை மீனோடு வந்தவர் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார், மூணு நம்பரில் விழுந்தவரும் அப்படித்தான். பிள்ளைகளிடம் ஊரில் நடந்த கதைகளை எழுதி வரச் சொல்லி, விளைவு எழுதின வரியைக் கையால் மறைத்துக்கொண்டு முடிவு சரியா என்று மட்டும் பேசச் சொன்னேன். ரொம்ப நேரம் ஓடியது, அடுத்த பீரியட் இங்கிலீஷ் டீச்சர் வந்து வாசலில் நின்றுவிட்டார்.

மேல் வகுப்புக்குப் போனதும் வருகிற நீட் கணக்கை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பெற்றோர்களே கேட்கிறார்கள். சரி என்றால் நாலு மார்க், தப்பு என்றால் ஒன்று குறையும், நாலு விடைகள். ஒன்றுமே தெரியாமல் ஏதாவது ஒன்றை அடித்தால் சராசரியாகக் கால் மார்க் லாபம். ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால் மூன்றில் இரண்டு பங்கு மார்க். இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை, அந்த நிலையில் விட்டுவிட்டு வருவதுதான் நஷ்டம். ஆனால் 20 கேள்வியைக் கண்ணை மூடி அடித்தால், சராசரி 5 மார்க் லாபம் என்றாலும், நூறில் 22, 23 பேருக்கு மார்க் குறையவே செய்யும்.

ஆனால் "உறுதியாகத் தள்ள முடிந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அந்த உறுதி எவ்வளவு நம்பகமானது? அதனால் மழைக்குப் போட்ட கணக்கைத் தங்களுக்கே போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வாரத் தேர்வில் ஒரு மார்க் கேள்விக்கு விடை எழுதும்போது பக்கத்தில் பென்சிலால் 50, 75, 100 என்று எவ்வளவு நிச்சயம் என்பதையும் எழுத வேண்டும், திருத்தினதும் 75 போட்டவற்றில் எத்தனை சரி என்று எண்ண வேண்டும். முதல் வாரம் பேப்பர் கொடுத்தபோது, 50 போட்டவர்கள் பேசாமல் இருந்தார்கள். 100 போட்டுத் தப்பாகப் போனவர்கள்தான் மேசை மேல் ஏறாத குறை, கேள்வியே தப்பு சாரே என்று. இந்த வாரம் 100 போடுகிறவர்கள் பாதியாகக் குறைந்திருக்கிறார்கள், ஒருத்தன் மட்டும் 99 என்று எழுதியிருக்கிறான்.